அக்கா பெயரில் ஒரு ஃபைல் இல்லை

எங்கள் வீட்டு அலமாரியில் அம்மாவுக்கு மட்டும் ஏழு ஃபைல்கள் இருக்கின்றன. ரத்தத்துக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று என்று அக்கா பிரித்து, மேலே தடித்த பேனாவில் எழுதி வைத்தவை. எனக்கு ஒரு ஃபைல். என் மனைவிக்கு, பிரசவத்தோடு நின்றுபோன மெலிந்த ஃபைல் ஒன்று. இதையெல்லாம் அடுக்கி வைத்த அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதுவரை ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அப்புறம் ஒன்பதே மாதத்தில் ஒரு கட்டைப்பை நிறையச் சேர்ந்தது.

அம்மாவுக்கு ஏன் அத்தனை ஃபைல்கள் என்று சொன்னால்தான் மற்றது புரியும். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்போம். அவர் போன பிறகு அவருடைய பென்ஷனில் ஒரு பங்கு அம்மாவுக்கு வந்தது. பங்குதான் என்றாலும் பிரான்சிலிருந்து வருவது. தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்த என் சம்பளத்தை அதன் பக்கத்தில் வைத்தால் சிரிப்புதான் வரும். வீட்டுக்கு மாடி எழும்பியது அதில்தான். என் மகள் படித்ததும் அதில்தான். வெளியில் யாராவது விசாரித்தால் மட்டும், குடும்பத்தை நான் தாங்குவதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன்.

அந்தப் பணம் தொடர்ந்து வர வேண்டுமென்றால், வருடத்துக்கு ஒரு முறை அம்மா பிரெஞ்சுத் தூதரகத்தில் நேரில் போய் நின்று, தான் உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்க வேண்டும். ஜனவரியில் எங்களுக்கு நாள் கிடைக்கும். ஒரு வருடம் டிசம்பர் கடைசியில் அம்மா குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். உப்புச்சத்து குறைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். சான்றுக்குக் குறித்த நாள் தவறிப்போனது. டாக்டர் கடிதம், அது இது என்று அலைந்து சரி செய்வதற்குள் சில மாதம் பணம் நின்றுவிட்டது. அப்போது எங்களைப் பிடித்த பயம் அதற்குப் பிறகு விடவே இல்லை.

அன்றிலிருந்து, நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு அம்மாவுக்குத் தலைமுதல் கால்வரை பரிசோதனை என்பது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. யாரும் கேட்காத பரிசோதனை. சான்று வாங்க அம்மா வந்து நின்றால் போதும், ஈசிஜியும் ரத்தமும் அங்கே யாருக்கும் வேண்டாம். ஆனால் ஜனவரியில் அம்மா நிற்க வேண்டுமே. எஃப்சிக்குப் போகும் முன் பஸ்ஸை ஷெட்டில் விட்டுப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்தோம். தெருவில் எங்களை மெச்சினார்கள். பெற்றவளை இப்படித் தாங்குகிற பிள்ளைகள் இந்தக் காலத்தில் எங்கே என்றார்கள். அன்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்போடு வேறொன்றும் கலந்திருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இப்போதும் துணிச்சல் இல்லை.

மெச்சியது என்னை, செய்தது அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளுக்குக் கல்யாணம் கூடிவந்த நேரத்தில் அப்பா படுத்த படுக்கையானார். அவர் போன பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள், அம்மா விழுந்த அந்த வருடம் வேலையை விட்டாள். அப்புறம் அம்மாவின் மாத்திரை, அம்மாவின் கஞ்சி, அம்மாவின் பூசை, அம்மாவின் ஸ்கேன் என்று அவள் நாள் கழிந்தது. கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரை என்று டாக்டருக்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். லேபில் புதிதாக வந்த பெண்கள் அவளை நர்ஸ் என்றே நினைத்தார்கள்.

அம்மாவுக்கு ஊசி என்றால் நடுக்கம். கையை இடுக்கிக்கொண்டு, உதட்டை மடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகாத குழந்தை மாதிரி உட்கார்ந்திருப்பாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கையைப் பிடித்து, "மாதாவ நெனச்சுக்கோ, இதோ ஆச்சு" என்றால்தான் நீட்டுவாள். நான் சொல்லி ஒரு முறையும் நீட்டியதில்லை.

ஒரு நவம்பரில் லேபில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். ஒருவர் முழுப் பரிசோதனை செய்துகொண்டால் உடன் வருபவருக்கு இலவசம். உடன் போனவள் அக்கா. யாராக இருந்தாலும் தானே கையை நீட்டியிருப்பார்கள். அவள் எனக்குப் போன் செய்தாள்.

"வெறும் வயித்தோட கெளம்பி வா. காபி குடிச்சிடாத."

"எனக்கு என்னாக்கா? கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லுக்கும் சர்க்கர வரும், வாடா."

வந்திருந்தது. ஆரம்பம்தான், இப்போதே பிடித்தது நல்லது என்றார் டாக்டர். மாத்திரை தொடங்கினேன், காலையில் கடற்கரையில் நடக்கத் தொடங்கினேன். என்னோடு வேலை செய்தவர் ஒருவருக்கு அதே சர்க்கரை, தெரியாமலே கிடந்து, காலில் புண்ணாகித்தான் வெளியே தெரிந்தது. இப்போது அவருக்கு அந்தக் கால் முட்டிக்குக் கீழே இல்லை. உடம்பில் ஒன்றும் செய்யாதபோது எதற்குப் பரிசோதனை என்று கேட்பவர்களுக்கு, நான் என் இரண்டு காலையும் காட்டலாம்.

அன்று அக்காவிடம் ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டேன், நீயும் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் என்ன என்று. "எனக்கு என்னாடா வரப்போவுது" என்றாள். எனக்குத் தோதான பதில் அதுதான். அதனால் தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

இனி சொல்ல வேண்டியது அந்த முகாம் நாளை.

எங்கள் மாதா கோயில் மண்டபத்தில், பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் பரிசோதனை முகாம் நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து பெண் டாக்டர்களும், படம் எடுக்கும் கருவி வைத்த வண்டியும் வந்திருந்தன. ஏற்பாட்டில் பாதி அக்காவுடையது. பங்குச் சாமியாரிடம் பேசி, மாதா சபைப் பெண்களைக் கூட்டி, வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினாள். வெட்கப்பட்ட பெண்களிடம், "பாக்கறது லேடி டாக்டர்தான்டி" என்று விளக்கினாள். பெரிய மார்க்கெட்டில் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களைக்கூட விடவில்லை. அவளுக்கு இதில் திடீரென்று என்ன அக்கறை என்று நான் யோசிக்கவில்லை. பொழுதுபோகாமல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அதே நாள் காலையில் அம்மாவுக்கு லேபில் நாள் குறித்திருந்தது. இந்த ஒரு தடவை நான் அழைத்துப் போகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று, அம்மா கையை நீட்டவில்லை. லேப் பெண் கெஞ்சிப் பார்த்தாள். "அவ வரட்டும்" என்று ஒரே பிடி. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டது, சர்க்கரைக்காரி, வயிறு காலி. எனக்கோ கம்பெனியில் பன்னிரண்டு மணிக்கு லோடு வருகிறது. எரிச்சல் தலைக்கேறிவிட்டது. அம்மாவை அங்கேயே உட்கார வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

அக்கா வரிசையில் நின்றிருந்தாள். ஏற்பாடு செய்பவளாக இல்லை, மற்றவர்களோடு ஒருத்தியாக. கையில் டோக்கன். அவளுக்கு முன்னால் நாலு பேர். நான் ஜன்னல் பக்கம் நின்று கையைக் காட்டினேன். வெளியே வந்தாள்.

"அம்மா கை குடுக்க மாட்டேங்குது. காத்தாலேர்ந்து பட்டினி. மயக்கம் கியக்கம் வந்தா என்னா பண்றது? நீ வா."

"நாலு பேருதான்டா..."

"நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா. இது எங்க ஓடிடப் போவுது?"

முகாம் அந்த ஒரு நாள்தான். ஓடிப்போகாதது லேப். மறுநாள் அம்மாவை அழைத்துப் போயிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. அது எனக்கு அப்போதும் தெரியும்.

பெயர் கொடுக்காமல் வந்து ஓரமாக நின்றிருந்த பிள்ளைச்சாவடி மீன்கார அம்மாவிடம் அக்கா தன் டோக்கனைக் கொடுத்தாள். "நீங்க போங்கம்மா" என்றாள். வேகமாக வந்து வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் கோயில் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கும் வரிசையில் நின்று அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். லேபில் போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா உடனே நீட்டிவிட்டாள். ரிப்போர்ட்டில் எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. ஜனவரியில் அம்மா போய் நின்றாள். சான்று கிடைத்தது.

அடுத்த நவம்பரும் அப்படியே போனது, அதற்கடுத்த ஜனவரிச் சான்றும் ஆயிற்று. பிப்ரவரியில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி கீழே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அக்கா வலது கையைத் தூக்குவதே இல்லை, கொடியில் துணி போடுவதற்குக்கூட இடது கைதான் என்றாள். அதோடு, அக்கா தன் துணிகளுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருந்த சின்னத் துணி மடிப்புகளைக் காட்டினாள். பழைய வேட்டியைக் கிழித்து மடித்தவை. துவைத்தும் போகாத பழுப்புக் கறை அவற்றில் இருந்தது. தீட்டு நின்று வருடக்கணக்கான பெண்ணுக்கு இது எதற்கு என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

அன்று மாலையே ஆஸ்பத்திரி. அக்கா மறுத்துப் பேசவில்லை, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டு வெளியே வந்த டாக்டர், நடுவயதுப் பெண், கையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். தோல் உடைந்திருக்கிறது, அக்குளிலும் கட்டி இருக்கிறது என்றார்.

"எத்தினி நாளா இருக்கும்மா இது?"

"இருக்கும், ஒரு வருஷத்துக்கு மேல."

"புண்ணானது?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி."

"அப்பவே வரக் கூடாதா? வீட்ல சொல்லக் கூடாதா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஜனவரில அம்மாவுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்க வேண்டியிருந்தது டாக்டர். அது முடியட்டும்னு இருந்தேன்."

அந்த டாக்டர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், அவருக்கு என்ன சர்டிபிகேட் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. பட்டாணி அளவில் வந்திருந்தால் அதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றார் டாக்டர். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னார். அவர் தினமும் சொல்கிற வாக்கியமாக இருக்கலாம்.

படம் எடுத்தார்கள், ஊசியால் குத்தி எடுத்து அனுப்பினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலுக்குப் போயிருந்தது, முதுகெலும்புக்கும் போயிருந்தது. மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. வாய் முழுக்கப் புண். அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தவளுக்கு இப்போது கஞ்சி இறங்கவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செபமாலை சொன்னாள். எண்பத்திரண்டு வயதில் அம்மாவின் ஈரல், இதயம், எலும்பு எல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்று எங்களிடம் எழுத்தில் இருந்தது. அதை நினைத்தபோது ஒரு நாள் எனக்கு அம்மாமேல் வெறுப்பு வந்தது. அவள் என்ன செய்வாள் பாவம், அவளா கேட்டாள்?

அக்டோபரில் ஒரு மத்தியானம், வார்டில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். சாத்துக்குடி பிழிந்து ஸ்பூனால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்ததை அன்று சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு மண்டபத்துலேர்ந்து உன்ன நான் கூட்டினு வந்திருக்கக் கூடாதுக்கா. நாலு பேருதான் இருந்தாங்க."

அவள் வாயிலிருந்த சாற்றை விழுங்கினாள்.

"அப்பவே இருந்துச்சுடா" என்றாள். "பட்டாணி அளவுதான். குளிக்கும்போது கையில தட்டுச்சு. தனியா ஆஸ்பத்திரிக்குப் போவ பயம். கல்யாணம் ஆச்சா, கொழந்த இருக்கான்னு கேப்பாங்க, அவுத்துக் காட்டச் சொல்லுவாங்க. யார்கிட்ட சொல்றது? அம்மாகிட்டயா? உங்கிட்டயா? அதுக்குத்தான் சாமியார்கிட்ட நச்சரிச்சு அந்த முகாமையே வரவச்சேன். ஊரோட ஒருத்தியா நின்னா போயிடலாம்னு. நின்னேன். கிட்டப் போவப் போவ காலு வெடவெடன்னு ஆடுது. அப்ப நீ வந்து ஜன்னலாண்ட நின்ன. தப்பிச்சோம்டா சாமின்னு ஓடியாந்துட்டேன்."

நான் ஸ்பூனைத் தம்ளரில் வைத்துவிட்டேன்.

"நீ வரலன்னாலும் ஓடித்தான் வந்திருப்பேன். அத மனசுல வச்சினு கெடக்காத" என்றாள். பிறகு சாறு போதும் என்று கையைக் காட்டினாள்.

என்னை விடுவிப்பதற்காகத்தான் அதைச் சொன்னாள், அவள் குணம் அப்படி. எனக்கு விடுதலை ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் ஓடித்தான் வந்திருப்பாள் என்பதை நான் நம்பவில்லை. நாலு பேர்தான். ஒருவேளை கால் நடுங்கிக்கொண்டே உள்ளே போயிருப்பாள். பயந்தவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோரையும்விட அவளுக்குத்தான் தெரியும். அம்மாவின் பயம் எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது, அதற்காக நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைக் கடந்து வந்தேன். அக்காவுக்குப் பயம் இருக்கும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. ஐம்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் தோன்றவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவள் போய்விட்டாள். கல்லறைத் திருநாளன்று அவள் மேட்டில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த நவம்பரில் அம்மாவை யாரும் லேபுக்குக் கூப்பிடவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

தவக்காலம் தொடங்கும் முன், என் மனைவிக்கு நாள் வாங்கினேன். அவளுக்கு நாற்பத்தேழு. உடம்பில் ஒன்றும் இல்லை, எதற்கு என்றாள். ஒன்றும் இல்லாதபோதுதான் போக வேண்டும் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தாள். ஆஸ்பத்திரி கேட் வந்ததும் என் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"இன்னொரு நாள் வரலாங்க. அத்தைக்குச் சாப்பாடு போடல. மாத்திர வேற இருக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். மேல் உதட்டில் வியர்த்திருந்தது. பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஜன்னல் வழியாக நான் பார்த்தும் பார்க்காத முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா ஒரு வேள பசியோட இருக்கட்டும்" என்றேன். "நானும் உள்ள வரேன்."

படம் எடுக்கும் அறைக்குள் ஆண்களை விடவில்லை. கதவுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவு திறந்தால் அவளுக்கு நான் தெரியும்படி உட்கார்ந்தேன். உள்ளே யாரோ பேசும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ இயந்திரத்தின் சத்தம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

கதவு திறந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தாள். முகம் தெளிந்து, கிட்டத்தட்ட சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோதாங்க" என்றாள். "பத்து நிமிஷம்கூட ஆவல."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.